மீன் வண்டிக்கு வீட்டில் அடித்த கேரியர்: விபத்துக்குப் பிறகு என்ன செய்வது?

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே உள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, முதலில் அதன் சுருக்கத்தைத் தருகிறேன்.

அவருடைய கணவர் மீன் வியாபாரி. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, எக்ஸ்எல் வண்டியில் ஐஸ் பெட்டியும் இரண்டு ட்ரேயும் கட்டிக்கொண்டு, திருவாடானைப் பக்கத்து ஊர்களில் தெருத் தெருவாக விற்றுவிட்டு வருபவர். வண்டி, பரமக்குடியில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. பணத்தைக் கொடுத்து ஆர்சி புத்தகத்தை வாங்கியதோடு சரி, பெயர் மாற்றவில்லை. வருடா வருடம் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் பழைய பெயரிலேயே கட்டி வருகிறார்கள். கம்பெனி கேரியர் பாரம் தாங்கவில்லை என்று, வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்த கொழுந்தன் வீட்டு வாசலிலேயே இரும்பு ஆங்கிளை அறுத்து, பிரேமோடு வெல்டிங் வைத்து, இரண்டு பக்கமும் தாங்கி அடித்துக் கொடுத்திருக்கிறார். பின் ஸ்பிரிங்கைத் தடிமனானதாக மாற்றியிருக்கிறார். உப்பில் இற்றுப்போன சைலன்சரை அறுத்துவிட்டு வெறும் குழாயைப் பொருத்தியிருக்கிறார்.

சென்ற வாரம் வியாபாரம் முடிந்து திரும்பும்போது, குறுகலான தார்ச் சாலையில் எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெரியவரின் காலில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஆங்கிள் முனை பட்டுக் கிழித்துவிட்டது. கீழே விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. கணவரே ஆட்டோ பிடித்து அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்லிவிட்டார். வழக்குப் பதிவாகி, வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. விபத்து வண்டியைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் இன்னும் பார்க்கவில்லை.

சகோதரியின் கேள்விகள் இவை: "இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்குள் ஆங்கிளை அறுத்து எடுத்துவிடலாம், ஸ்டேஷனில் ஆள் தெரியும் என்று ஒரு சொந்தக்காரர் சொல்கிறார், செய்யலாமா? மாற்றம் செய்த வண்டிக்கு ஒரு பைசா வராது என்று பாலிசி போட்டுக் கொடுத்தவர் சொல்லிவிட்டார், உண்மையா? ஊர்ப் பெரியவர்கள் நாற்பதாயிரம் கொடுத்துப் பத்திரத்தில் எழுதி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், முடித்துவிடலாமா? கொழுந்தனுக்கு வளைகுடா விசா வரும் நேரம். வெல்டிங் வைத்துக் கொடுத்த பாவத்துக்கு அவன் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? வண்டி திரும்பி வந்தால் எதில் வைத்து மீன் விற்பது?"

அன்புச் சகோதரி,

உங்கள் கணவர் அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடவில்லை. மருத்துவமனையில் சேர்த்தார், ஸ்டேஷனுக்கு அவரே போனார். மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவு ஓட்டுநரிடம் கேட்பது இதைத்தான். அதே பிரிவில் இன்னொரு கடமையும் இருக்கிறது: இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல் தர வேண்டும். பாலிசி போட்டுக் கொடுத்தவரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. பாலிசி எண், விபத்து நடந்த நாள், நேரம், இடம், அடிபட்டவர் பெயர், ஓட்டியவரின் லைசன்ஸ் விவரம் எல்லாம் எழுதி, கம்பெனி கிளைக்கு நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மற்ற வேலைகளுக்கு முன் இது.

ஆங்கிளை அறுக்க வேண்டாம்

உங்கள் சொந்தக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. பெரியவரின் காலைக் கிழித்தது அந்த முனைதான் என்று அவர் சொல்வார், பார்த்தவர்கள் சொல்வார்கள், காயத்தைப் பார்த்த டாக்டரும் எழுதியிருப்பார். இத்தனைக்கும் பிறகு வண்டியில் புதிதாக அறுத்த தழும்பு இருந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவது அதுதான். சாட்சியத்தை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 238-வது பிரிவின்படி தனிக் குற்றம். கவனக்குறைவால் நடந்த ஒரு விபத்து, தெரிந்தே செய்த குற்றமாக மாறிவிடும்.

கொழுந்தனைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்வதற்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அதன் நான்காம் உட்பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த உட்பிரிவு பேசுவது வண்டியின் உரிமையாளரைப் பற்றி. குடும்பத்தில் ஒருவருக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்தவரைப் பற்றி அது பேசவில்லை. ஆகவே போன வருடங்களில் அவர் வைத்த வெல்டிங்கை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் இப்போது அவரே கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு போனால், 238-வது பிரிவில் நேராக அவர் பெயர் வந்து நிற்கும். விசாவுக்கு ஆபத்து அப்போதுதான் வரும். இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மீன் பாரத்துக்காகத் தாங்கி வைத்தோம், வீட்டிலேயே வைத்தோம் என்பதுதான் உண்மை. ஓட்டியவர் வேறொருவர் என்று மாற்றிச் சொல்லும் யோசனையையும் யாராவது கொண்டுவருவார்கள். லைசன்ஸ் உள்ள உங்கள் கணவர் குடிக்காமல், நிதானமாக ஓட்டி வந்தார் என்பதே உங்கள் பக்கத்து பலம். அதைக் கைவிடாதீர்கள்.

"ஒரு பைசா வராது" என்பது சரியா?

பாலிசி போட்டுக் கொடுத்தவர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். உங்கள் வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்டால், மாற்றம் செய்த வண்டி என்று கம்பெனி மறுத்துப் பேசலாம். ஆனால் உங்களிடம் அந்தப் பாலிசியே இல்லை. உங்களிடம் இருப்பது, வண்டியால் அடிபட்ட அடுத்தவருக்கு ஈடு தரும் பாலிசி. அது மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது. அதிலிருந்து கம்பெனி எந்தெந்தக் காரணம் சொல்லித் தப்பலாம் என்பதையும் சட்டமே 150-வது பிரிவில் பட்டியல் போட்டிருக்கிறது. லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, வாடகைக்கு ஓட்டியது, பந்தயத்தில் ஓட்டியது, முக்கிய விவரத்தை மறைத்துப் பாலிசி எடுத்தது, பிரீமியம் கட்டாதது என்று போகும் அந்தப் பட்டியலில், கேரியரை வெல்டிங் வைத்தது என்று தனியாக ஒரு காரணம் கிடையாது.

ஆனால் முழு நிம்மதி தரும் பதிலை என்னால் சொல்ல முடியாது. உங்கள் பாலிசித் தாளை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சொல்லும் பகுதியைப் படித்துப் பாருங்கள். தனியார் இருசக்கர வாகனப் பாலிசிகளில், வாடகைக்கும் சரக்கு ஏற்றவும் பயன்படுத்தக் கூடாது, சொந்த மூட்டையும் மாதிரிப் பொருளும் மட்டும் கொண்டுபோகலாம் என்று வழக்கமாக அச்சடித்திருக்கும். தினமும் விற்பனைக்கு மீன் ஏற்றிய வண்டி என்று கம்பெனி வக்கீல் இதைத்தான் பிடிப்பார். வண்டியில் மாற்றம் செய்ததைச் சொல்லாமல் பாலிசி எடுத்தீர்கள் என்றும் பேசுவார். அதற்கு நம் பக்கம் பதில் உண்டு. சொந்தச் சரக்கைக் கொண்டுபோவதும் வாடகைக்கு ஓட்டுவதும் ஒன்றல்ல. ஐஸ் பெட்டி இருந்ததால் விபத்து நடக்கவில்லை, முனை நீட்டியிருந்ததால்தான் நடந்தது. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்று தோன்றும் வழக்குகளில், விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயங்கள், முதலில் கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு போடுவதும் உண்டு. அப்படி வந்தால் பெரியவருக்குப் பணம் கிடைத்துவிடும், கடன் உங்கள் தலையில் விழும். இந்த ஆபத்து இருப்பதைத் தெரிந்துகொண்டே வழக்கை நடத்த வேண்டும்.

நாற்பதாயிரம் ரூபாய்ப் பத்திரம்

ஊர்ப் பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கோர்ட் வாசலில் வருடக்கணக்கில் நிற்கும் கஷ்டம் தெரிந்ததால்தான் இப்படிச் சொல்கிறார்கள். இருந்தாலும் இந்தப் பத்திரம் இரண்டு குடும்பத்துக்கும் நல்லதில்லை.

முதலில் அந்தப் பெரியவரை நினைத்துப் பாருங்கள். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். 164-வது பிரிவின்படி, யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு அவர் இரண்டரை லட்சம் ரூபாய் கேட்க முடியும். 166-வது பிரிவில் போனால் மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலி எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கேட்கலாம். எது அவருக்கு நல்லது என்பதை அவருடைய வக்கீல் முடிவு செய்யட்டும். 166-ல் போவதானால் விபத்து நடந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாற்பதாயிரத்துக்கு அவர் கைநாட்டு வைத்துவிட்டு, நாளைக்குக் கால் சரியாகக் கூடாமல் இன்னொரு ஆபரேஷன் என்று வந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? திரும்ப உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

உங்களுக்கு வரும் சிக்கல் வேறு. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ, கொடுப்பதோ கூடாது என்று பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால், கையை விரிக்க அவர்களுக்கு நீங்களே ஒரு காரணம் தந்தது போலாகும். நகையை அடகு வைத்துத்தான் அந்தப் பணம் தர முடியும் என்று எழுதியிருக்கிறீர்கள். நகையும் போய், பாலிசியும் போய்விடும். வழக்காவது முடியுமா என்றால் அதுவும் இல்லை. எஃப்ஐஆர் போட்ட பிறகு ஊர்ப் பேச்சால் அதை மூட முடியாது. காயம் ஏற்படுத்திய குற்றத்துக்கு நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ள இடம் உண்டு, ஆனால் அது குற்றப்பத்திரிகை வந்த பிறகு வக்கீல் மூலம் செய்ய வேண்டிய வேலை.

இதற்காகப் பெரியவரைப் பார்க்கப் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் போய்ப் பாருங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், மருந்துக்கும் ஆட்டோவுக்கும் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். மனிதருக்கு மனிதர் செய்யும் அந்த உதவியை இழப்பீடு என்று எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். "தீர்ப்பாயத்தில் மனு போடுங்கள், இன்ஷூரன்ஸ் விவரமெல்லாம் நாங்களே தருகிறோம்" என்று அவர் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நம் மேலேயே கேஸ் போடச் சொல்வதா என்று வீட்டில் கேட்பார்கள். அவருக்குச் சேர வேண்டியது சரியான வழியில் சேர்ந்தால் இரண்டு குடும்பமும் ஒரே சாலையில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு போகலாம்.

ஆர்சி புத்தகத்தில் இருக்கும் பெயர்

சட்டத்தில் உரிமையாளர் என்றால், யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவர். 2018-ல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. ஆகவே நோட்டீஸ் பரமக்குடிக்காரருக்குப் போகும். இந்த ஆங்கிளைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர் அவர். 182ஏ பிரிவின் அபராதப் பேச்சும் அவர் பக்கம் திரும்பக்கூடும். தபால்காரர் சொல்லி அவருக்குத் தெரிவதற்கு முன், உங்கள் கணவர் நேரில் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். வண்டியை ஸ்டேஷனிலிருந்து எடுக்க நீதித்துறை நடுவரிடம் மனு போடும்போதும் அவருடைய ஒத்துழைப்பு தேவைப்படும். அதே நாளில் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது எப்போது தாக்கல் செய்வது என்பதை வக்கீல் சொல்வார்.

வக்கீலுக்குச் செலவு செய்ய முடியாது என்கிறீர்கள். ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால் நீங்களே போய்க் கேளுங்கள், கணவருக்கான விண்ணப்பத்தையும் அங்கேயே கொடுங்கள்.

மறுபடி மீன் ஏற்றுவதற்கு

கடைசிக் கேள்விதான் உங்களுக்கு முதல் கேள்வி என்று எனக்குத் தெரியும். கேரியரே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. 52-வது பிரிவு தடுப்பது, வண்டியின் அடிப்படை அமைப்பையே மாற்றும் வேலையை. இருசக்கர வண்டியில் இலகுவான பெட்டி வைப்பதற்கு 2020-ல் மத்திய அரசு அளவே கொடுத்திருக்கிறது: நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500-க்கு மேல் போகக் கூடாது. பின்னால் ஆள் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்தால் வேறு ஆளை ஏற்றக் கூடாது. ஐஸ் பெட்டியை இஞ்ச் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் தொங்கும் ட்ரேக்களுக்கு இந்த அளவில் இடமே கிடையாது, அவற்றை விட்டுவிடத்தான் வேண்டும்.

பிரேமில் வெல்டிங் வைப்பதை நான் வேண்டாம் என்பதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. வெல்டிங் வைத்த பிரேம் ஒடிந்தால், ஒடியும் இடம் பெரும்பாலும் வெல்டிங்குக்குப் பக்கத்தில்தான். சூடு பட்ட இடத்தில் குழாயின் உள்பக்கப் பூச்சும் கருகிவிடுகிறது. வெளியே பெயிண்ட் அடிக்கலாம், உள்ளே அடிக்க வழியில்லை. உப்புக்காற்று போதாதென்று ஐஸ் உருகி வழியும் மீன் தண்ணீரும் சொட்டுச் சொட்டாக அங்கேயே இறங்குகிறது. கொழுந்தனை ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பின்பக்கக் குழாயைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் வண்டி கைக்கு வந்த பிறகு. நல்ல குழாய் கணீரென்று கேட்கும். இற்ற குழாயில் சத்தம் அமுங்கி, அடியில் பொருக்கு உதிரும். அப்படி உதிர்ந்தால் அந்தப் பிரேமை நம்பி இனி பாரம் ஏற்ற வேண்டாம்.

தடிமனான ஸ்பிரிங் விஷயமும் அப்படித்தான். பாரம் ஏற்றியும் பின்பக்கம் உட்காராததால் வண்டி தாங்குகிறது என்று தோன்றும். பிரேக் பழைய பிரேக்தானே. மீன் தண்ணீர் டிரம்முக்குள் போயிருந்தால் அதுவும் பாதிதான் பிடிக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று போட்டிருக்கும், ஓட்டுபவரின் எடையும் அதில் சேர்த்திதான். ஏலத்தில் மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் அந்தக் கணக்கு மறந்துபோகும். அன்றைக்கு இரண்டு நடை போகச் சொல்லுங்கள்.

சைலன்சரில் பேரமே வேண்டாம், புதிதாக வாங்கிப் போடுங்கள். வெறும் குழாயின் சத்தத்துக்கும் புகைக்கும் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசன்ஸையும் 3 மாதம் முடக்கலாம். வியாபாரிக்கு லைசன்ஸ் முடங்கினால் அடுப்பு எரியாது.

புது வண்டி எடுக்கும் யோசனை இருந்தால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். மத்திய அரசின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் பெட்டியோடு மோட்டார் சைக்கிள் வாங்க மானியம் வைத்திருக்கிறார்கள். மானியத்துக்குக் கணக்கில் எடுக்கும் அலகு மதிப்பு 75,000 ரூபாய். பொதுப்பிரிவு ஆண்களுக்கு 40 சதவீதம் மானியம். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 60 சதவீதம், அதாவது 45,000 ரூபாய் வரை. உங்கள் பெயரில் விண்ணப்பித்தால் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று நேரில் விசாரியுங்கள். அந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, இதில் விற்பனைக்கு மீன் கொண்டுபோவோம் என்று எழுதிக் கொடுத்து, அதற்கேற்ற பாலிசியைக் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை பழைய வண்டிதான் என்றால், கேரியரைக் கொழுந்தனே செய்து தரட்டும், அவர் கைவேலை மேல் எனக்குக் குறை இல்லை. பிரேமில் வெல்டிங் வைக்காமல், கம்பெனி கேரியருக்கு உள்ள துளைகளிலேயே போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். எந்த முனையும் ஹேண்டில்பாரின் அகலத்தைத் தாண்டக் கூடாது. முனைகளை உள்பக்கமாக வளைத்து, மேலே ரப்பர் மூடி போட வேண்டும். பெட்டியின் அடித்துளையில் ஒரு டியூபைச் செருகி, மீன் தண்ணீர் சக்கரத்திலும் டிரம்மிலும் படாமல் நேராகத் தரையில் விழும்படி விட வேண்டும். பின் விளக்கையும் நம்பர் பிளேட்டையும் பெட்டி மறைக்கக் கூடாது, பெட்டியின் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். வியாபாரம் முடிந்து வந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் அடிபாகம்வரை கழுவ வேண்டும், ஊரில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்று தெரிந்தும்தான் சொல்கிறேன், ஒரு குடம் போதும். முடித்த பிறகு, வெளியே எடுப்பதற்கு முன், ஒரு முறை ஆர்டிஓ ஆபீஸில் காட்டி, இதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.